நாட்டாரின் சாட்சி

(தண்டையார்பேட்டையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளை என்ற ஏற்பாடு நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில், திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலில், பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டு குறித்தது. சதுரானன பண்டிதர் என்ற மடத்துத் தலைவர் ஒரு சபையாரிடம் பொன் கொடுத்து, அதன் வட்டியிலிருந்து கோயிலில் வழிபாடு நடக்கும்படி செய்தார் என்பது செய்தி. முதல் கரையக் கூடாது, வட்டியில் காரியம் நடக்க வேண்டும். இன்றைய கூட்டமும் அதே கணக்கில்தான் நடக்கிறது.

அந்தப் பண்டிதர் யார் என்று பார்த்தால் செய்தி இன்னும் கனமாகிறது. கேரளத்தில் பிறந்தவர். சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு நெருங்கியவர். 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டான். அவனோடு சாக இவருக்கு வாய்க்கவில்லை. அந்த வருத்தத்தில் துறவு பூண்டு திருவொற்றியூர் மடத்தில் அமர்ந்தார். தொண்டை நாட்டில் சோழர் ஆட்சி சரிந்துவிட்டது. வென்றவன் பெயரில் ஆண்டுக்கணக்கு ஓடுகிறது. அப்படிப்பட்ட நாளில், தோற்ற பக்கத்து மனிதர் ஒருவர் தம் பொன்னை நம்பி ஒப்படைக்கத் தேடியது எந்த மன்னனையும் அல்ல. ஊர்ச் சபையைத் தேடினார்.

அரசு விழுந்தபின் ஊர் எப்படி நிற்கிறது என்பதே நான் பேச வந்த பொருள். இதற்கு உலகில் அதிகம் ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு பழைய கிரேக்கம். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நம் கதைக்கு வருகிறேன். ஆனால் கிரேக்கத்தை விட்டு முழுக்க விலக முடியாது. ஓரிடத்தில் இரண்டு கதைகளும் வியக்கத்தக்க வகையில் உரசுகின்றன.

கி.மு. 1200ஐ ஒட்டிய சில பத்தாண்டுகளில் மைசீனே, திரின்ஸ், பைலோஸ் ஆகிய இடங்களில் இருந்த அரண்மனைகள் அழிந்தன. நிலநடுக்கம், வறட்சி, கடல்வழி வந்த படைகள், உள்நாட்டுக் கலகம் என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன; எந்த ஒன்றும் தனியாகப் போதவில்லை. அந்த அரண்மனைகளின் அன்றாட வேலை கணக்கு எழுதுவது. எந்த ஊரிலிருந்து எவ்வளவு கம்பளி, எந்தக் கொல்லனுக்கு எவ்வளவு வெண்கலம், நெசவுக்கூடத்துப் பெண்களுக்கு எவ்வளவு தானியம் என்று ஈரக் களிமண் பலகையில் கீறி வைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருக்க நினைக்காத கணக்குகள் அவை. அரண்மனையை எரித்த தீயே பலகைகளைச் சுட்டு இறுக்கிவிட்டதால் அவை நம் கைக்கு வந்தன. லீனியர் பி எனப்படும் அந்த எழுத்தை 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் படித்தார்.

அந்த எழுத்து அரண்மனைக் கணக்கருக்கு மட்டுமே தெரிந்த எழுத்து. அரண்மனை போனதும் அதுவும் போயிற்று. ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கிரேக்கத் தலைநிலத்தில் எழுதத் தெரிந்தவர் இல்லை. பல ஊர்கள் காலியாயின. இதைத்தான் வரலாற்றாசிரியர்கள் இருண்ட காலம் என்றார்கள்.

யூபியா தீவில் லெஃப்கண்டி என்ற இடம். 1980இல் நிலத்துக்குரியவர் புல்டோசரை விட்டு ஒரு மண்மேட்டின் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டார். (வடசென்னைக்காரர்களுக்கு இது புரியாத செயல் அல்ல.) மிஞ்சியதைத் தோண்டினால் கி.மு. 950 அளவில் கட்டிய, ஏறக்குறைய 50 மீட்டர் நீளக் கட்டடம் வந்தது. உள்ளே ஓர் ஆணின் சாம்பல், சைப்ரசிலிருந்து வந்த வெண்கலக் கலத்தில். பக்கத்தில் பொன்னணிகளோடு ஒரு பெண். இன்னொரு குழியில் நான்கு குதிரைகள். கட்டடத்தை மூடி மேடாக்கிவிட்டு, அதன் கிழக்கே தங்கள் இறந்தோரைப் புதைத்துக்கொண்டே இருந்தார்கள் பின்வந்தவர்கள். இருண்ட காலத்தின் நடுவில் சைப்ரஸ் வெண்கலமும் பொன்னும் வந்தன. அரசு விழுந்தால் எல்லோரும் சமமாகிவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கும் இந்தக் கல்லறை ஒரு பதில்: பெரிய தலை போனால் சிறிய தலைகள் எழும்.

பைலோஸ் பலகைகளில் மன்னனுக்கு ஒரு பட்டம் உண்டு. ஊர்ப்பக்கத்துச் சிறு தலைவனுக்கு வேறொரு பட்டம். அழிவுக்குப்பின் மன்னனின் பட்டம் ஆட்சியிலிருந்து மறைந்தது. கொல்லர் கூட்டத்துக்குப் பொறுப்பாளி என்ற அளவில் இருந்தவனின் பட்டமான பசிலேயுஸ்தான் பிற்காலத்தில் அரசனைக் குறித்தது. கீழே இருந்தது நிலைத்தது என்பதை மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

இனி நம் பக்கம்.

கி.பி. 300ஐ ஒட்டி மூவேந்தர் சான்றுகளிலிருந்து மறைகிறார்கள். அதன்பின் ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லவர் சிம்மவிஷ்ணு, பாண்டியர் கடுங்கோன் வரும்வரை உள்ள காலத்தைக் களப்பிரர் காலம், இருண்ட காலம் என்று பள்ளியிலிருந்தே படிக்கிறோம். தெருவிளக்கு அணைந்தது என்பதற்காகத் தெருவில் யாருமே குடியிருக்கவில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது இது.

அந்த இருட்டில் என்னென்ன நடந்தது? நான்காம், ஐந்தாம் நூற்றாண்டு உரோமச் செப்புக் காசுகள் மதுரையிலும் கரூரிலும் கிடைக்கின்றன. ஆகவே கடல் வணிகம் மெலிந்திருக்கலாம், அற்றுவிடவில்லை. புத்ததத்தர் என்ற பௌத்த அறிஞர் சோழநாட்டில் அமர்ந்து பாலி மொழியில் நூல் எழுதுகிறார். அப்போது ஆண்ட களப்பிர மன்னன் அச்சுதனின் பெயரையும் குறிக்கிறார். 470இல் மதுரையில் வச்சிரநந்தி திராவிட சங்கத்தை ஏற்படுத்தினார் என்று சமண நூலான தரிசனசாரம் சொல்கிறது. நீதி நூல்கள் பலவற்றையும் இந்தக் காலத்துக்கே வைப்போர் உண்டு. ஆண்டு பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை.

சிவகங்கை மாவட்டம் பூலாங்குறிச்சியில் பாறையில் வெட்டிய கல்வெட்டு கிடைத்தது. சேந்தன் கூற்றன் என்ற மன்னன் பெயர் அதில் வருகிறது. களப்பிரன் என்றே பலர் கருதுகின்றனர். கோயில்களும் தவத்தோர் பள்ளியும் பிராமணருக்கு விட்ட நிலமான பிரமதாயமும் அதில் பேசப்படுகின்றன. நிலத்தின் மேலுரிமை வேறு, உழும் உரிமை வேறு என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு நிர்வாகம் முற்றியிருக்கிறது. பிராமணர் நிலத்தைப் பறித்த கொடியோர் என்று பெயர் பெற்ற களப்பிரர் காலத்தில் பிரமதாயம் இருந்தது என்பதை மாணவர்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

கிரேக்கத்துக்கும் நமக்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். கொடுமணலிலும் கீழடியிலும் பானை ஓட்டில் தம் பெயரைக் கீறி வைத்தவர்கள் அரண்மனைக் கணக்கர்கள் அல்லர். ஆதன் என்றும் பிறவாறும் பெயர் கொண்ட சாதாரண மனிதர்கள். எழுத்து இங்கே சந்தையிலும் தொழிற்கூடத்திலும் புழங்கியது. அதனால் வேந்தர் வீழ்ந்தபோது எழுத்து சாகவில்லை. தமிழ்ப் பிராமி மெல்ல வளைந்து வட்டெழுத்தாயிற்று. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டு நடுகற்களில் அந்த வட்டெழுத்தைப் பார்க்கலாம்: ஆநிரை மீட்கப் போய்ப் பட்டவனுக்கு ஊரார் நிறுத்திய கல், அவன் பெயர், அவன் தலைவனின் பெயர். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், எஜமானன் விழுந்த இடத்தில் நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் அந்தக் கல்லில் பெயரும் உருவமும் உண்டு. மன்னர்களுக்கு ஆவணம் இல்லாத காலத்துக்கு அடுத்த வாசலில் ஒரு நாய்க்கு ஆவணம் இருக்கிறது.

சரி, களப்பிரரைக் கொடியோர் என்றது யார்? முதன்மைச் சான்று வேள்விக்குடிச் செப்பேடு. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனின் மூன்றாம் ஆட்சியாண்டில், சுமார் 770இல், எழுதியது. மதுரையில் மன்னன் முன் ஒரு பிராமணர் முறையிடுகிறார்: என் முன்னோருக்குப் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி வேள்விக்குடியைக் கொடுத்தான், நெடுங்காலம் அனுபவித்தோம், களப்பிரன் வந்து பறித்துக்கொண்டான். அதாவது நாம் இருண்ட காலம் என்று மனப்பாடம் செய்தது, நிலம் இழந்த ஒரு குடும்பத்தின் மனு. மனுவில் உண்மை இருக்கலாம். ஆனாலும் ஒரு மனுவை வைத்து மூன்று நூற்றாண்டுக்குப் பெயர் வைப்பது சரியல்ல.

மன்னன் என்ன செய்தான்? சிரித்தான் என்கிறது செப்பேடு. உன் உரிமையின் பழமையை நாட்டாரைக் (அந்த வட்டார நிலக்காரர் கூட்டத்தைக்) கொண்டு மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்றான். அவரும் நாட்டாரைக் கொண்டு மெய்ப்பித்தார், ஊரைப் பெற்றார்.

இந்தச் செப்பேட்டை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டியிருப்பார்கள், பெரும்பாலும் களப்பிரர் பற்றிய வரிக்காக. என்னை நிறுத்தியது நாட்டார் பற்றிய வரி. முதுகுடுமியிலிருந்து நெடுஞ்சடையன்வரை பல நூற்றாண்டுகள். இடையில் ஆட்சிகள் மாறின, வேந்தர் குலங்கள் காணாமல் போயின. ஆனாலும் பழைய உரிமை எது என்று கேட்க ஓர் அமைப்பு இருந்தது. அதன் சொல் மன்னனுக்கே போதுமான சான்றாக இருந்தது. நாட்டார் உண்மையிலேயே நினைவு வைத்திருந்தார்களா, அல்லது பெரிய மனிதருக்கு ஆதரவாக ஒத்துப் பேசினார்களா என்ற ஐயம் எழலாம், எழ வேண்டும். அப்படியே ஒத்துப் பேசியிருந்தாலும், ஒத்துப் பேசுவதற்கு ஒரு கூட்டம் இருந்தது, அதன் பேச்சு செல்லுபடியாயிற்று.

இங்கேதான் பைலோஸ் வந்து உரசுகிறது. எரிந்த அரண்மனையின் நிலக்கணக்குப் பலகை ஒன்றில் எரிதா என்ற பூசாரிப் பெண் வருகிறாள். தன் நிலம் தெய்வத்துக்கான தனி உரிமை நிலம் என்கிறாள். தாமோஸ், அதாவது அந்த ஊர் நிலக்காரர் கூட்டம், இல்லை, அது எங்கள் பொதுநிலத்தில் அவளுக்கு விட்ட குத்தகைப் பங்கு என்கிறது. கணக்கர் இரண்டையும் எழுதி வைத்தார். தீர்ப்பு பலகையில் இல்லை. சில காலத்தில் அரண்மனையே இல்லை. ஆனால் தாமோஸ் இருந்தது. பின்னாளில் ஏதென்சில் மக்களாட்சிக்குப் பெயர் கொடுத்தது அதுதான்.

இரண்டு இடத்திலும் ஒருவர் நிலம் தம்முடையது என்கிறார். அதைப் பற்றிச் சொல்லும் தகுதி நிலத்துக்காரர் கூட்டத்துக்கு இருக்கிறது. பைலோசில் கூட்டம் எதிர்த்துச் சாட்சி சொன்னது, வேள்விக்குடியில் ஆதரித்துச் சொன்னது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாக நான் சொல்லவில்லை. மேலே மன்னன் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்தப் பாத்தி யாருடையது, மடையை எப்போது திறப்பது என்ற கேள்விகள் ஒவ்வோர் ஆண்டும் எழும். அவற்றுக்குப் பதில் சொல்ல ஒரு கூட்டம் கூடித்தான் ஆக வேண்டும். சோழ நாட்டு நாடுகளை 1973இல் விரிவாக ஆராய்ந்த எ. சுப்பராயலு, நாடு என்பது அரசன் வசதிக்காக வகுத்த பிரிவு அல்ல, உழவூர்களின் இயல்பான தொகுதி என்று காட்டினார். மன்னர்கள் பின்னர் வளநாடு என்றும் மண்டலம் என்றும் தங்கள் பட்டப்பெயர்களை அதன்மேல் ஒட்டினார்கள். ஒட்டியவை உதிர்ந்தன.

நம் வட்டாரத்தில் இதற்குப் பெயர் புழல் கோட்டம். திருவொற்றியூர் அதற்குள் அடங்கியது. தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களையும் குறும்பர் ஆண்டார்கள், அவர்களுக்குப் புழலில் கோட்டை இருந்தது, ஆதொண்டைச் சோழன் வந்து அவர்களை வென்றான் என்று மெக்கன்சி தொகுத்த சுவடிகளில் கதை இருக்கிறது. திருமுல்லைவாயில் கோயிலின் எருக்கந் தூண்களைக்கூடக் குறும்பர் கோட்டையிலிருந்து வந்தவை என்பார்கள். இதை நான் வரலாறாக எடுக்கவில்லை. ஆனால் அமைப்பைப் பாருங்கள்: வென்றவன் வருமுன் இங்கே முரடர்கள் இருந்தார்கள், நாகரிகம் வந்தவனோடு வந்தது. மதுரைக்குக் களப்பிரர் என்றால் புழலுக்குக் குறும்பர். நிலத்தைப் புதிதாகப் பெற்றவர்களுக்கு ஓர் இருண்ட முன்கதை எப்போதும் தேவைப்படுகிறது.

கூட்டம் நிலைத்தது என்று பாராட்டிவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. அது யாருடைய கூட்டம்? கிரீட் தீவில் திரேரோஸ் என்ற சிற்றூரில் கி.மு. 650 அளவில் வெட்டிய சட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது. கிரேக்க உலகில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய கல்வெட்டுச் சட்டங்களில் ஒன்று. ஒருமுறை ஊர்த் தலைமைப் பதவி வகித்தவன் மறுபடி வகிக்கப் பத்தாண்டு பொறுக்க வேண்டும், மீறினால் தண்டம். அதை அப்பல்லோ கோயிலில் கல்லில் பொறித்தார்கள். உத்தரமேரூரில் 919லும் 921லும் சோழன் பராந்தகன் காலத்தில் பொறித்த விதிகள் நம் எல்லோருக்கும் தெரியும்: 30 குடும்புகள், குடவோலை, மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் வேண்டாம், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் வேண்டாம். அதுவும் கோயிலில்தான். ஆயிரத்தைந்நூறு ஆண்டு இடைவெளியில் இரண்டு ஊர்களும் பயந்தது ஒன்றுக்கே: தம்மில் ஒருவன் நாற்காலியை விட்டு எழ மறுத்துவிடுவான் என்பதற்கு. இன்றைய நலச்சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இந்தப் பயம் போதாது.

உத்தரமேரூருக்கு முன்பே, சுமார் 800இல், திருநெல்வேலிப் பக்கத்து மானூர் சபை விதி செய்திருக்கிறது. எந்தத் தீர்மானம் வந்தாலும் வேண்டாம் வேண்டாம் என்று மறிப்பவருக்கு ஐந்து காசு தண்டம். அந்த விதி இன்று இருந்தால் பல அமைப்புகளின் கையிருப்பு உயரும்.

ஆனால் உத்தரமேரூரில் ஓலையில் பெயர் எழுதப்பட, கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். உழுதவனின் பெயர் அந்தக் குடத்தில் விழவே இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. கிரேக்க நகரங்களிலும் அடிமைகளும் பெண்களும் வெளியே நின்றார்கள். பூலாங்குறிச்சியில் மேலுரிமையும் உழவுரிமையும் பிரிந்தபோதே இந்தக் கோடு விழுந்துவிட்டது. வேந்தரின் இடத்தை ஊர் பிடித்தது என்றால், வேந்தர் செய்த சில கொடுமைகளையும் ஊர் எடுத்துக்கொண்டது. கிராம சபையைப் பொற்காலம் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

இவ்வளவையும் தண்டையார்பேட்டையில் வந்து ஏன் சொல்கிறேன்? உங்களில் பர்மாவிலிருந்து வந்த சில குடும்பங்களே, ஆட்சி விழுந்தபின் ஊர் நிற்பதைப் பார்த்தவை என்பதால். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள் தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியக் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கானோர் நடந்தும் கப்பலேறியும் வெளியேறினார்கள். வழியில் மாண்டவர் பல்லாயிரம். எஞ்சியவர்களுக்கு 1962இல் நெ வின் ஆட்சியைப் பிடித்ததும் அடுத்த அடி. கடைகள் தேசியமயமாயின. 1964 மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கினார்கள். திரும்பிப் போக ஓர் ஊர் இருந்தவர்கள் அங்கே போனார்கள். இல்லாதவர்கள் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் நின்றார்கள்.

அரசு கடன் கொடுத்தது, 1969இல் கடற்கரைச் சாலையோரம் பர்மா பஜாருக்கு இடம் கொடுத்தது. இதெல்லாம் கோப்பில் இருக்கும். கோப்பில் வராதது மற்றது: ரங்கூனில் கும்பிட்ட அதே அம்மனுக்கும் முனீசுவரனுக்கும் இங்கே கூரை போட்டது, சங்கம் வைத்துச் சந்தா பிரித்தது, யார் பிணத்தை யார் தூக்குவது என்று முறை வைத்தது, அத்தோவும் மொய்ங்காவும் தள்ளுவண்டியில் விற்றது. சிலர் மனம் ஒட்டாமல் தரைவழியே பர்மாவுக்குத் திரும்ப முயன்றார்கள். எல்லையில் விடவில்லை. மணிப்பூரின் மோரேயில் நின்றுவிட்டார்கள். அங்கேயும் அங்காள பரமேசுவரி கோயில், அங்கேயும் தமிழ்ச் சங்கம்.

பைலோஸ் கணக்கரைப் போல அரசு எழுதிய பக்கம் நமக்கு இருக்கிறது. ஊரார் எழுதிய பக்கம் இரும்புப் பெட்டிகளில் கிடக்கிறது: சந்தா நோட்டு, கோயில் திருவிழா வரவு செலவு, கூட்டத் தீர்மானப் புத்தகம், கப்பல் சீட்டு, ரங்கூன் தமிழ்ப் பள்ளிச் சான்றிதழ். இறங்கி வந்த தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது இவை எடைக்குப் போகின்றன. அப்புறம் 1964க்கும் 1980க்கும் இடைப்பட்ட வடசென்னையை வேறு யாராவது தங்கள் வசதிக்கு இருண்ட காலம் என்று எழுதிவிடுவார்கள்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு கல்வெட்டு படிக்கத் திருவொற்றியூர் போங்கள். போகிற வழியில் உங்கள் தெருப் பெரியவர்களிடம் அந்தச் சங்க நோட்டைக் கேளுங்கள். வாங்கிக்கொண்டு வர வேண்டாம். பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படம் எடுத்து, யாருடையது, எந்த ஆண்டு என்று குறித்து, அசலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தாள் நொறுங்கும் நிலையில் இருந்தால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் வழி கேளுங்கள். அறக்கட்டளைக் குழுவினர் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை இந்தப் படங்களிலிருந்து ஒரு மாணவரையே பேசச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.